கயிறு ஏன் தளர்ந்திருக்கிறது: சின்னெரியின் மக்காவ் சித்திரப் பெட்டி

மக்காவ் உட்துறைமுகத்தை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய வரைபடங்களும் அஞ்சலட்டைகளும் விற்கும் சின்னக் கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். விலை 720 பட்டாக்கா. கறுப்புத் துணி ஒட்டிய அட்டைப் பெட்டி. உள்ளே ஆங்கில ஓவியர் ஜார்ஜ் சின்னெரி மக்காவிலும் அதன் சுற்றுக் கடல்களிலும் வரைந்த சித்திரங்களின் நகல்கள், தனித்தனித் தாள்களாக முப்பது. அவற்றோடு மடித்து வைத்த ஓர் அறிமுகத் தாளும், தலைப்புகள் அச்சிட்ட ஓர் அட்டையும் இருந்தன. வாங்கி நான்கு மாதமாகிறது. இந்த நான்கு மாதத்தில் ஒவ்வொரு தாளையும் பத்துப் பதினைந்து முறையாவது எடுத்துப் பார்த்திருப்பேன். வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய நல்லதும் கெட்டதும் என்னிடம் சேர்ந்துவிட்டன.

முதலில் நான் எந்தக் கண்ணோடு பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஹாங்காங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றின் வரைபடப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அடிப்பலகை எங்கே வளைகிறது, சுக்கான் எவ்வளவு தாழ்கிறது என்று கோடு போடுவதுதான் பிழைப்பு. விடுமுறை நாட்களில் மரத்தில் படகு மாதிரிகள் செய்கிறேன். ஆகவே ஒரு படகுச் சித்திரம் கையில் கிடைத்தால் என் கண் முதலில் போவது மேகத்துக்கோ மலைக்கோ அன்று, கயிற்றுக்கு. எந்தக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது, அதைப் பிடித்திருப்பவர் எந்தக் காலை ஊன்றியிருக்கிறார் என்று பார்ப்பேன். கடற்கரைச் சித்திரம் வரைந்த பலர் இந்தத் தேர்வில் தோற்றுப்போவார்கள். சின்னெரி தோற்பதில்லை. அதனால்தான் இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினேன்.

சின்னெரி 1774இல் லண்டனில் பிறந்தவர். 1802 டிசம்பரில் கப்பலேறி வந்து இறங்கிய இடம் மதராஸ். அப்போது அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலை மடியும் இடத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் மூட்டைகளையும் மசூலாப் படகுகளில் கரை சேர்ப்பார்கள். ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. அதையும் கட்டுமரத்தையும் அவர் மதராஸிலேயே வரைந்திருக்கிறார். 1807இல் வங்காளம் போனார். அங்கே பெரிய மனிதர்களின் உருவப்படங்களை வரைந்து பேரும் பணமும் சம்பாதித்தார். சம்பாதித்ததைவிட அதிகமாகக் கடன்பட்டு 1825இல் மக்காவுக்கு ஓடிவந்தார். இங்கேயும் அதே கதைதான். கரையோரம் ஆழம் போதாது, பெரிய கப்பல் தள்ளி நிற்கும், உள்ளூர்ப் பெண்கள் ஓட்டும் சிறு படகில்தான் கரைக்கு வர முடியும். ஆக, இரண்டு கரைகளிலும் அவர் கால் வைத்தது உழைக்கிறவர்களின் படகிலிருந்து. 1852 மே 30 அன்று இறக்கும் வரை, ஏறக்குறைய 27 ஆண்டுகள், மக்காவே அவர் வீடாக இருந்தது. கம்பெனி வியாபாரிகளின் முகங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் காசு வாங்கினார். ஆனால் விடியும் முன்பே கையேட்டைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய் வரைந்ததெல்லாம் படகுக்காரர்களையும் கொல்லர்களையும் தீன்பண்டம் விற்பவர்களையும்தான். இந்தப் பெட்டியில் இருப்பது அந்த விடியற்காலைச் சின்னெரி.

தாள்களுக்கு வருகிறேன். முப்பதில் இருபத்தாறு பென்சிலாலும் பேனாவாலும் வரைந்தவை, நான்கு நீர்வண்ணம். பென்சில் தாள்களின் அச்சு மிக நன்றாக இருக்கிறது. அவர் முதலில் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, பிறகு தனக்குச் சரியென்று பட்ட கோடுகளின்மேல் மட்டும் பழுப்பு மையை ஓட்டுவார். சரியில்லாத பென்சில் கோட்டை அழிக்காமல் அப்படியே விட்டுவிடுவார். மலிவான நகல்களில் இந்த இரண்டும் ஒரே கறுப்பாகக் குழம்பிவிடும். இங்கே பென்சிலின் சாம்பல் தனியாகவும் மையின் பழுப்பு தனியாகவும் தெரிகின்றன. ஒரு படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, மூன்று முறை போட்டுப் பார்த்து மூன்றாவது வளைவைத் தேர்ந்தெடுத்திருப்பதைக் கண்ணால் பின்தொடர முடிகிறது. எனக்கு அது ஒரு பாடம். அவர் தேர்ந்த வளைவில்தான் பலகை உண்மையில் வளையும். மற்ற இரண்டில் பிளந்துவிடும்.

தாளின் கனம் போதுமானது, ஓரம் சுருளவில்லை. ஆனால் நிறம் பால்வெள்ளை. அந்த வெள்ளையில் பழுப்பு மை கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. லேசான மஞ்சள் பாய்ந்த தாளில் அச்சிட்டிருந்தால் கண் உறுத்தாது. அளவிலும் எனக்குக் குறை உண்டு. உள்ளங்கையில் அடங்கும்படி வரைந்த சிறு குறிப்புகளையும் பெரிய சித்திரங்களையும் ஒரே தாளளவுக்கு இழுத்திருக்கிறார்கள். இரண்டு அங்குலத்தில் போட்ட ஒரு நாய் என் கையளவுக்கு ஊதிப்போய் நிற்கிறது. கைவீச்சின் வேகம் அளவில்தான் இருக்கிறது. பெரிதாக்கினால் விரைவாகப் போட்ட கோடு அலட்சியமாகப் போட்டதுபோலத் தெரிகிறது. மூல அளவுகளை அட்டையிலாவது அச்சிட்டிருக்கலாம். அதுவும் இல்லை.

இருந்தும் ஐந்தாம் தாளை எடுத்தால் குறைகளெல்லாம் மறந்துபோகிறது. கடலுக்கு இனி ஆகாத பழைய படகுகளைக் கரையில் கல்லின்மேலும் கம்பின்மேலும் ஏற்றி, மேலே மூங்கில் பாயைக் கூரையாக வளைத்து வீடாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு படகின் பாதியை மட்டும் வெட்டி நிறுத்திய வீடும் உண்டு. அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்முனையில், வாசல், பக்கத்தில் ஒரு சிறு ஏணி, ஏணியில் காயும் துணி. சுக்கான் மாட்டியிருந்த துளை இப்போது புகை வெளியேறும் வழியாகிவிட்டது. படகு செத்தபிறகும் அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதை ஒவ்வொன்றாக நின்று பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார் சின்னெரி. இரக்கம் காட்டும் பாவனை எதுவும் கோட்டில் இல்லை. ஒரு தச்சன் இன்னொரு தச்சனின் வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறார்.

அதற்கடுத்த தாளில் கரையேற்றிச் சாய்த்து வைத்த படகு ஒன்று வருகிறது. இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து பலகை இடுக்குகளை அடைக்கிறார்கள். சீனப் படகுகளில் அந்த இடுக்குகளில் வைப்பது நாரும், சுண்ணாம்பும், துங் மரக்கொட்டையின் எண்ணெயும் சேர்த்து இடித்த களிம்பு. சீனக் கரையில் இருந்த ஆங்கிலேயர்கள் அதற்குச் ‘சுனாம்’ என்றே பேர் வைத்திருந்தார்கள். நம் சுண்ணாம்புதான் கப்பலேறிப் போயிருக்கிறது. ஹாங்காங்கில் மலைச்சரிவு கரையாமலிருக்கப் பூசும் சாந்துக்கும் இன்றுவரை அந்தப் பெயர்தான். எங்கள் பட்டறைக்குப் பின்னாலிருக்கும் சரிவில் அது பூசியிருக்கிறது. வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகிறேன்.

கொல்லர் பட்டறை, முடிதிருத்துபவர், தரையில் உட்கார்ந்து சூதாடுபவர்கள், ஆ-மா கோயில் முன்னால் பண்டம் விற்பவர்கள், பன்றிகள் என்று ஒன்பது தாள்கள் போகின்றன. உயிருள்ளவைதான். பன்றிகளை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதும் தெரிகிறது. ஆனாலும் நான் வேகமாகப் புரட்டிவிடுகிறேன். என் கை தானாகப் போய் நிற்பது பதினொன்றாம் தாளில்.

பதினொன்றில் ஒரு சம்பான், ஆள் ஏற்றும் சிறு சீனப் படகு. நீளம் குறைவு, வயிறு அகலம், நடுவில் மூங்கில் பாய்க் கூண்டு. அமரத்தில் ஒரு பெண் வெறுங்காலோடு நின்றுகொண்டு பின்துடுப்பைப் பிடித்திருக்கிறாள். தலையில் கட்டிய துணி தாடைக்குக் கீழே முடிச்சிட்டிருக்கிறது. அணியத்தில் இன்னொருத்தி, வயதில் இளையவள். இந்தப் பின்துடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பட்ட பாடு புரியாது. நம் துடுப்பைப் போல நீரிலிருந்து எடுத்து எடுத்துப் போடுவதில்லை இதை. படகின் பின்விளிம்பில் ஒரு முளையின்மேல் தாங்கி நிற்கும். அலகு எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். பிடியை இடமும் வலமுமாகத் தள்ளி இழுக்க, அலகு ஒவ்வொரு வீச்சிலும் சற்றே திரும்பி, மீன்வால் போல நீரைப் பின்னுக்குத் தள்ளும். பிடியின் நுனியிலிருந்து ஒரு கயிறு கீழே தளத்தில் வந்து கட்டப்பட்டிருக்கும். அலகு நீரில் கீழே இழுபடும்போது பிடி மேலெழாமல் இழுத்து நிறுத்துவது அந்தக் கயிறு. துடுப்பின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவதும் அதுதான். கயிறு விறைப்பாக இருந்தால்தான் படகு போகும். ஒல்லியான ஒரு பெண் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஒரே துடுப்பில் போக முடிகிறதென்றால் அதன் ரகசியம் அந்த முழம் கயிற்றில் இருக்கிறது.

பதினொன்றாம் தாளில் அந்தக் கயிறு தொய்ந்து கிடக்கிறது. பென்சிலால் போட்டதை மையாலும் உறுதி செய்திருக்கிறார், தொய்வாகவே. எனக்கு அது பெரிய ஏமாற்றம். கயிற்றைச் சரியாக வரைபவர் என்று நம்பிய மனிதர் முக்கியமான கயிற்றில் தவறிவிட்டாரே என்று இரண்டு வாரம் அந்தத் தாளைப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தேன்.

அந்த இரண்டு வாரத்தில்தான் இன்னொரு தவறும் கண்ணில் பட்டது. அது அச்சிட்டவர்களுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷுங் வானிலிருந்து படகேறி ஒரு மணி நேரத்தில் மக்காவ் போய்ச் சேர்ந்தேன். பத்துத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, வரைந்த இடங்களில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பிராயா கிராந்தே இன்று கடற்கரையாக இல்லை. சின்னெரி காலத்துப் பிறைவடிவ விரிகுடாவைத் தூர்த்து, மிஞ்சிய நீரை அடைத்து, நாம் வான் ஏரி ஆக்கிவிட்டார்கள். 1912இல் பன்னிரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத மக்காவ், கடலைத் தூர்த்துத் தூர்த்தே இன்று முப்பதைத் தாண்டியிருக்கிறது. ஆனாலும் பழைய கரையின் வளைவு சாலையில் அப்படியே இருக்கிறது. தெற்கு முனையில் பென்யா குன்றும் அதன்மேல் தேவாலயமும் நிற்கின்றன. வடக்கு முனையில் சாவ் பிரான்சிஸ்கு பக்கம் நின்று தெற்கே பார்த்தால் தண்ணீர் இடக்கைப் பக்கம், வீடுகள் வலக்கைப் பக்கம்.

பதினேழாம் தாளில் குன்று தூரத்தில் இருக்கிறது, ஆனால் தண்ணீர் வலக்கைப் பக்கம். முதலில் நான்தான் இடம் தவறி நிற்கிறேன் என்று நினைத்து நூறடி முன்னும் பின்னும் நடந்தேன். பிறகு தாளின் முன்பகுதியில் நிற்கும் பெண்ணின் மேலாடையைப் பார்த்தேன். சீன மேலாடையில் இடப்பக்கத் துணி மேலே வந்து, அணிபவரின் வலப்பக்கத்தில் பொத்தான் போடும். இடப்பக்கம் மடிப்பது இறந்தவர்களுக்கு என்பது வழக்கம். இந்தத் தாளில் அவள் பொத்தான் இடப்பக்கம் இருக்கிறது. சந்தேகமே இல்லை, படத்தைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். உயிரோடு கூடை சுமந்து போகும் ஒரு பெண்ணுக்குப் பிணத்தின் ஆடையைப் போட்டுவிட்டார்கள். இருபத்திரண்டாம் தாளும் அப்படியே திரும்பியிருப்பதை அன்று மாலை படகில் திரும்பும்போது கண்டுபிடித்தேன். அதைக் காட்டிக்கொடுத்தது ஆடையில்லை, எழுத்து.

சின்னெரியின் தாள்களில் ஓரங்களில் பூச்சி ஊர்ந்ததுபோலச் சிறு கிறுக்கல்கள் இருக்கும். அவை ஆங்கிலச் சுருக்கெழுத்து. கர்னி என்பவர் வகுத்த முறை. சார்லஸ் டிக்கன்ஸ் நிருபராக இருந்த நாட்களில் கற்றதும் இதே முறைதான். சின்னெரி தன் சித்திரங்களின்மேல் தனக்குத் தானே இதில் குறிப்பு எழுதிக்கொள்வார். நாள் என்ன, எந்த நிறம், அளவு சரியாக வந்திருக்கிறதா, எதை இன்னும் நிரப்ப வேண்டும் என்று. தனியாக வேலை செய்யும் ஒருவன் தன்னையே மேற்பார்வை பார்த்துக்கொள்ளும் குரல் அது. நானும் என் வரைபடங்களின் ஓரத்தில் தமிழில் அப்படித்தான் எழுதிக்கொள்வேன், அலுவலகத்தில் வேறு யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில். ஆகையால் இந்தக் கிறுக்கல்கள் எனக்குச் சித்திரத்துக்கு நிகரானவை.

இந்தப் பெட்டியின் பெருங்குற்றம் அங்கேதான் இருக்கிறது. ஆறு தாள்களில் ஓரத்தை வெட்டிவிட்டார்கள். சுருக்கெழுத்தின் பாதி தாளுக்கு வெளியே போய்விட்டது. வேறு இரண்டில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. குறிப்பின் வால் மட்டும் படகின் நிழலுக்குள் மிச்சமிருக்கிறது. சித்திரத்தை அழகாக்குவதாக நினைத்துச் செய்தது இது. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவருக்குக்கூட, வரைந்த கை அங்கே நின்று யோசித்தது என்பது தெரிந்திருக்கும். அதை வெட்டுகிறவர் யாராக இருந்தாலும் வெட்டும் முன் ஒருவரையாவது கேட்டிருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தலைப்பு அட்டையும் திருப்தி தரவில்லை. கண்ட படகையெல்லாம் ‘ஜங்க்’, அதாவது சீனப் பாய்க்கப்பல், என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பதினான்காம் தாளில் நங்கூரமிட்டிருப்பது லோர்ச்சா. மக்காவுக்கே உரிய கலப்பு அது. உடல் ஐரோப்பிய வார்ப்பு, மேலே மூங்கில் சட்டமிட்ட சீனப் பாய். போர்ச்சுகீசியரும் சீனரும் கலந்த அந்த ஊரின் வரலாறு முழுவதையும் ஒரே படகில் கட்டி வைத்ததுபோல இருக்கும். அதைப் போய் ஜங்க் என்றால், காளையையும் எருமையையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் போல. உண்மையான ஜங்க் எட்டாம் தாளில் இருக்கிறது. அதன் பாயில் குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றும் எண்ணும்படி தெளிவாக உள்ளன. சட்டமிட்ட பாயின் நன்மை, காற்று மிஞ்சினால் மேலிருந்து ஒவ்வொரு மடிப்பாக இறக்கிக்கொள்ளலாம், கிழிந்தாலும் கிழிசல் அடுத்த சட்டத்தோடு நின்றுவிடும். சுக்கான் பலகையில் சாய்சதுரத் துளைகள் போட்டிருக்கிறார்கள். தென்சீனக் கப்பல்களின் அடையாளம் அது. நீர் ஊடே புகுந்து போவதால் பெரிய சுக்கானையும் குறைந்த பலத்தில் திருப்ப முடியும். சின்னெரி அந்தத் துளைகளை விடவில்லை. தலைப்பு எழுதியவர் படத்தைப் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

படகுப் பெண்களை ‘தங்கா’ என்று எல்லா இடத்திலும் குறிப்பிட்டிருப்பதும் உறுத்துகிறது. பழைய நூல்களில் அப்படித்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த மக்களுக்கு அது ஏளனச் சொல். அவர்கள் தங்களை ‘சுய் சியுங் யான்’, அதாவது நீர்மேல் வாழ்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இன்று அச்சிடும் அட்டையில் அந்தப் பெயரைப் போட ஓர் அங்குல இடம் போதும்.

அறிமுகத் தாளில் சின்னெரியின் கடன், அவர் மனைவிக்குப் பயந்து ஒளிந்தது, தன் முகம் அழகில்லை என்று தானே சொல்லிக்கொண்டது எல்லாம் விரிவாக இருக்கின்றன. அவருடைய ஆதரவாளர்கள் யார், அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இல்லை. ஜார்டின், டெண்ட் போன்ற வியாபாரிகளின் படங்களை அவர் தீட்டினார். அவர்கள் பணத்தில் பெரும்பகுதி அபின் பணம். வங்காளத்தில் விளைந்து கல்கத்தாவில் ஏலம் போன அபின். சின்னெரியின் வாழ்க்கையும் அதே கடல்வழியில்தான் போயிற்று. 1839இல் அபின் போர் மூண்டு 1842இல் ஹாங்காங் கைமாறியபோதும் அவர் மக்காவில் இருந்தார். இதைச் சொன்னால் சித்திரங்களின் மதிப்பு குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால்தான், அந்தக் கரை ஏதோ அமைதியில் உறைந்திருந்தது என்று வாங்குகிறவர் நம்பிவிடுவார்.

நான்கு நீர்வண்ணத் தாள்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நீலம் அளவுக்கு மீறிப்போயிருக்கிறது. மக்காவின் கடல் முத்து ஆற்றின் வண்டலால் பழுப்பாக இருக்கும், அன்றும் இன்றும். இந்தத் தாள்களில் அது பண்டிகைக் காகித நிறத்தில் இருக்கிறது. நான் அவற்றைத் தனி உறையில் போட்டு ஒதுக்கிவிட்டேன்.

இதே பணத்தில் ஓகுஸ்த் போர்ஜேயின் நகல்கள் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போர்ஜே பிரெஞ்சுக்காரர், 1838இலும் 1839இலும் இந்தக் கரையில் சில மாதங்கள் இருந்து வரைந்தவர். ஆ-மா கோயிலை அவரைப்போல் ஆசையாக வரைந்தவர் இல்லை. பாறை, ஆலமரம், கூரை வளைவு எல்லாம் அருமை. ஆனால் அவர் படகுகள் காட்சிக்காக நிற்பவை, இறுக்கி வேலை வாங்கினால் தாங்காது. மெக்கார்ட்னி தலைமையிலான பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு 1793இல் சீனா வந்த வில்லியம் அலெக்சாண்டர் வேறு வகை. படகின் கட்டுமானத்தைக் கவனமாகக் குறித்தவர். எனக்கு அவரிடம் நிறைய மரியாதை உண்டு. ஆனால் கடந்துபோன பயணியின் கவனம் அது. சின்னெரி 27 ஆண்டுகள் தினமும் அதே கரைக்குப் போனார். அதே பெண் கொஞ்சம் வயதாகி அதே படகில் வருவதைப் பார்த்திருப்பார். கோட்டில் அந்தப் பழக்கம் தெரிகிறது.

இனி அந்தக் கயிறு.

ஹாங்காங்கின் அபர்டீன் துறைமுகத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் சம்பான்கள் இன்னும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் டீசல் இயந்திரம் வந்துவிட்டது. எங்கள் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்யும் நண்பரின் பாட்டி அங்கே படகு ஓட்டியவர். வயது எண்பதுக்கு மேல். படகிலேயே பிறந்து முப்பது வயது வரை படகிலேயே வாழ்ந்தவர். நண்பர் கூப்பிட, ஒரு மாலை பதினொன்றாம் தாளை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாரையும்போல நானும் ‘போபோ’ என்றே கூப்பிட்டேன். கண்டோனீஸ் மொழியில் பாட்டி என்று அர்த்தம். அவர் தாளை வாங்கிக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். முதலில் கேட்டது, இவள் யார், எந்தக் கரைக்காரி என்று. 190 வருடப் பழைய சித்திரம் என்று நண்பர் சொன்னதும் தலையை ஆட்டினார். நம்பின மாதிரித் தெரியவில்லை.

நான் கயிற்றைக் காட்டி, வரைந்தவர் தவறு செய்துவிட்டார், தொய்வாகப் போட்டுவிட்டார் என்றேன். நண்பர் மொழிபெயர்த்தார். போபோ என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விரலைக் கயிற்றிலிருந்து எடுத்து அணியத்தில் நின்ற இளையவளிடம் கொண்டுபோனார்.

“சின்னவள் கையில் என்ன இருக்கிறது, பாருங்கள்” என்றார்.

அவள் கையில் இருந்தது துடுப்பு என்றே நான்கு மாதத்தில் பாதி நாள் நினைத்திருக்கிறேன். துடுப்பை அவள் காலடியில் கிடத்திவிட்டாள். கையில் இருப்பது நீண்ட மூங்கில் கழி. நுனி படத்தின் விளிம்புக்கு வெளியே போகிறது.

“கரை வந்துவிட்டது. அவள் கழியை ஊன்றப் போகிறாள். பெரியவள் தள்ளுவதை நிறுத்திவிட்டாள். இனிமேல் கயிறு எதற்கு விறைப்பாக இருக்க வேண்டும்? கரைக்கு வரும்போதும் இறுக்கிப் பிடித்தால் படகைக் கல்லில் கொண்டுபோய் மோதுவாள்” என்று சொல்லிவிட்டு, பெரியவளின் பாதத்தையும் காட்டினார். குதிகால் லேசாகத் தூக்கியிருந்தது. பாரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறாளாம். தள்ளிக்கொண்டிருந்தால் முழுப்பாதமும் பலகையில் பதிந்திருக்குமாம்.

அதற்குப் பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். சிறுபிள்ளையாக இருந்தபோது அம்மா தன் இடுப்பில் கயிறு கட்டிக் கூண்டின் தூணோடு முடிந்து வைத்திருந்ததையும், அந்தக் கயிறு எட்டும் தூரம்வரைதான் தனக்கு உலகம் என்று இருந்ததையும் சொன்னார். நான் கிளம்பும்போதும் தாள் அவர் மடியில் இருந்தது. கேட்க மனம் வரவில்லை. என் பெட்டியில் இப்போது இருபத்தொன்பது தாள்கள்.

இடவலம் மாறி அச்சான இரண்டு தாள்களைப் பற்றிக் கடைக்காரருக்கு எழுதியிருந்தேன். மரியாதையாகப் பதில் வந்தது. மூன்று வாரத்தில் பதினேழாம் தாளைச் சரியாக அச்சிட்டு அனுப்பினார்கள், பணம் கேட்கவில்லை. இருபத்திரண்டு இன்னும் வரவில்லை. வெட்டிய ஓரங்களைப் பற்றிக் கேட்டதற்கு, அடுத்த அச்சில் பார்க்கிறோம் என்ற ஒரு வரிதான். ஆகவே கொஞ்சம் பொறுக்க முடிந்தவர்கள் அடுத்த அச்சுக்குக் காத்திருங்கள். பொறுக்க முடியாதவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து, பெண்களின் மேலாடைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள். பென்சில் தாள்களுக்காக மட்டும் 720 பட்டாக்கா தரலாம். நான் மறுபடியும் தருவேன், பதினொன்றாம் தாளுக்காக.

போபோவிடம் கொண்டுபோகும் முன்பே பதினொன்றை நிழற்படம் எடுத்து வைத்திருந்ததால், அந்தச் சம்பானை மரத்தில் மாதிரியாகச் செய்யும் என் வேலை நிற்கவில்லை. இருபதில் ஒரு பங்கு அளவு. பெண்ணின் உயரத்தை வைத்துத் துடுப்பின் நீளத்தைக் கணக்கிட்டேன், பொருந்தி வந்தது. கூண்டுக்கு மூங்கிலை மெல்லிசாகச் சீவிப் பின்னியிருக்கிறேன். துடுப்பையும் முளையையும் சென்ற வாரம் பொருத்தினேன். கயிறு போன சனிக்கிழமை கட்டியாகிவிட்டது. முதலில் பழக்கத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, பிறகு அவிழ்த்து, அரை அங்குலம் தளர விட்டேன்.